சீவாளி தேடி

காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருநாள். பிச்சாண்டவர் உலாவில் வீசப்படும் மாங்கனிகளுக்காகக் கைநீட்டும் கூட்டத்தில், முன்னே செல்லும் நாகஸ்வரத்தின் மேல்முனையில் கயிற்றில் தொங்கும் சிறு நாணல் துண்டுகளைக் கவனிப்போர் சிலரே. அவைதாம் சீவாளிகள். அவை இல்லையேல் அந்த நீண்ட ஆச்சாமரக் குழல் வெறும் மரமே.

சென்ற ஆண்டு, முதிய கலைஞர் ஒருவர் தம் பாட்டனார் வாசித்த திமிரி நாகஸ்வரத்தை உறையிலிருந்து எடுத்து நமக்குக் காட்டினார். உலவில் கீறல் இல்லை. அணசும் உறுதியாக இருந்தது. சீவாளியைத் தாங்கும் கெண்டை மட்டும் தொலைந்திருந்தது. ஒரு சிறு உலோகக் குழாய்தானே என்று எண்ணி, நாமும் அவருடன் மயிலாடுதுறை வழியாகப் புறப்பட்டோம். "பாரிக்கு எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன். திமிரிக்கு இப்போது யார் கேட்கிறார்கள், ஐயா?" என்றார் நாம் சந்தித்த கைவினைஞர். அதில் ஏளனம் இல்லை, கணக்கு இருந்தது.

கணக்கின் வரலாறும் தெரிந்ததே. திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி செம்மைப்படுத்திய நீண்ட பாரி நாகஸ்வரம் அரங்குகளை வென்றது. வென்றது நன்றே, இசைக்கு அது பெரும் பேறு. ஆனால் ஒரு கருவி வழக்கொழியும்போது முதலில் மறைவது கருவியன்று. அதன் உதிரி உறுப்புகளும் அவற்றைச் செய்யும் கைகளுமே.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ந்தோம். எனினும் குறியீடு காப்பது பெயரை. காவிரிக்கரை நாணலை யார் காப்பது? அந்த நாணலை வெட்டி, உலர்த்தி, பக்குவம் வரும்வரை காத்திருந்து, வேகவைத்து, நசுக்கி, நூலால் கட்டுகிறார்கள். அதன் பிறகும் அது வாசிப்பவரின் உமிழ்நீரில் ஊறித்தான் குரல் பெறுகிறது. தேய்ந்தால் மீண்டும் புதியது வேண்டும்.

1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டில், தென்பகுதி வார் மாவட்டத்து நாணல் ஓபோ முதலிய கருவிகளுக்காக உலகெங்கும் செல்கிறது. அங்கே ஆற்றங்கரைப் புல் ஒரு பயிராக மதிக்கப்படுகிறது. இங்கே அது களை. செயற்கைச் சீவாளி வரட்டுமே என்பார் உண்டு. வரட்டும், மறுப்பில்லை. ஆனால் அதையும் யாரேனும் திமிரியின் அளவுக்குச் செய்தாக வேண்டுமே!

வகுப்பில் காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தை நடத்தும்போது, அவர் அடுக்கும் கருவிப் பெயர்களில் தயங்கி நிற்கிறோம். தகுணிச்சம் எது? மொந்தை எப்படி ஒலிக்கும்? மாணவர் கேட்கையில் உரையைப் புரட்டுகிறோம். குடமுழா என்று வரும்போது மட்டும், "திருவாரூர் சென்று கேளுங்கள்" என்று சொல்ல முடிகிறது. ஐம்முக வாத்தியமாக அது அங்கே இன்னும் முழங்குகிறது. பாட்டு ஏட்டில் தங்கிவிடும். ஒலி அப்படித் தங்காது; யாரேனும் தோலை மாற்ற வேண்டும், கயிற்றை இறுக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது சிறிது. கோயில் நிருவாகங்கள் கலைஞரின் ஊதியத்தோடு சீவாளிச் செலவையும் ஆண்டுக் கணக்கில் எழுதட்டும். இசைக் கல்லூரிகள் பழைய கெண்டைகளின் அளவுகளை எடுத்துப் பதிந்து வைக்கட்டும். நாணல் வளரும் கரையில் ஒரு பகுதியை வெட்டாமல் விடட்டும். விருதுகளுக்கு ஆகும் செலவில் இது ஒரு துளி.

அந்தக் கைவினைஞர் இறுதியில் உலவின் அளவை எடுத்துக்கொண்டார். கெண்டை செய்துவிடலாம், ஏற்ற நாணல் அமையும்வரை பொறுங்கள் என்றார். பெரியவர் தலையசைத்தார். அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. நாகஸ்வரம் உறைக்குள்ளேயே இருக்கிறது.