லிஸ்ட் காலியா? உடனே சந்தோஷப்படாதீங்க!

காந்திகிராமத்தில் படிக்கிறவங்களுக்கு ‘வி.பி.பி.’ என்றால் விளக்கம் தேவையில்லை. வில்லேஜ் பிளேஸ்மென்ட் புரோகிராம். மூட்டை முடிச்சோடு ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாகப் படியேறி, அந்த ஊரைத் தெரிந்துகொண்டு வருவது. 1956-ல் டி.எஸ். சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் சேர்ந்து தொடங்கிய ஊரக நிறுவனமாச்சே, கிராமத்துக்குப் போகாமல் அங்கே படிப்பு ஏது!

அப்படி ஒரு டீம் ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு கிராமத்துக்குப் போகுதுன்னு வச்சுக்குவோம். சர்வே ஃபாரம் எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஏத்தியாச்சு. ‘வீடு’ என்று ஒரு டேபிள், அதில் ஊரில் உள்ள எல்லா வீடும் இருக்கு. ‘சர்வே’ என்று இன்னொரு டேபிள், அதில் போய்ப் பார்த்த வீடுகள். கடைசி நாள் சாயங்காலம், விடுபட்ட வீடு எதுன்னு பார்க்கணும். டீமில் ‘கம்ப்யூட்டர் புலி’ ஒருத்தர் இருப்பாரே, அவர் உட்கார்ந்து தட்டுகிறார். (அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்கணும். இங்கே தமிழ் எழுத்தில் தர்றேன்.)

செலக்ட் வீட்டு_எண் ஃப்ரம் வீடு
வேர் வீட்டு_எண் நாட் இன்
(செலக்ட் வீட்டு_எண் ஃப்ரம் சர்வே);

பதில்: ‘நோ ரோஸ் செலக்டட்.’ ஒரு வீடும் பாக்கி இல்லை! டீம் ஒரே குஷியாக சின்னாளபட்டிக்கு புரோட்டா சாப்பிடக் கிளம்பிடுச்சு.

ஆனா தெருக்கோடியில் தனியா இருக்கிற ஒரு பாட்டி வீட்டுக்கு யாருமே போகலை. அந்தப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் வருதா, ரேஷன் கார்டு இருக்கான்னு யாரும் கேட்கலை. போன லிஸ்டிலும் அவங்க இல்லை, விடுபட்ட லிஸ்டிலும் இல்லை. அப்புறம் எங்கே போனாங்க?

சிறுமலைப் பக்கம் பெய்த மழையில் ஒரு ஃபாரம் நனைஞ்சு, வீட்டு எண் அழிஞ்சு போயிருந்தது. ஏத்தினவர் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுட்டார். டேபிளில் அது ‘நல்’ ஆகிவிட்டது. பேரில்தான் ‘நல்’, செய்யறது ஒண்ணும் நல்லதா இல்லை! அந்த ஒரே ஒரு நல் போதும், மொத்த லிஸ்டும் காலி.

ஏன்? பரீட்சை ஹால் வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார். கையில் ‘இவர்களை உள்ளே விடாதே’ என்று ஒரு லிஸ்ட். அதில் ஒரு வரி தண்ணி பட்டு அழிஞ்சிருக்கு. நீங்க போறீங்க. லிஸ்டில் உங்க பேர் கண்ணுக்குத் தெரியலை. ஆனா வாட்ச்மேன் ரொம்ப ஸ்டிரிக்ட்: “அழிஞ்ச பேர் உங்க பேரா இருந்தா? உறுதியாத் தெரியாம விட மாட்டேன் தம்பி!” அடுத்து வர்றவருக்கும் இதே பதில்தான். கடைசியில் ஒருத்தர்கூட உள்ளே போகலை. நாட் இன் அந்த வாட்ச்மேன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு எண்ணோடும் ‘நீ இல்லையே, நீ இல்லையே’ என்று ஒப்பிட்டு, எல்லாமே ‘ஆமா, இல்லை’ என்று வந்தால்தான் விடும். நல்லோடு ஒப்பிட்டால் வருவது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை, ‘தெரியாது’. வேர் கண்டிஷனோ (மரத்தோட வேர் இல்லீங்க!) ‘ஆமா’ வந்த வரிகளை மட்டும்தான் வெளியே விடும்.

வெறும் ‘இன்’ போட்டால் இந்தச் சிக்கல் வெளியே தெரியாது. அங்கே ஏதாவது ஒரு எண் பொருந்தினால் போதும், கதை முடிஞ்சது. அதனால்தான் “இன் ஒழுங்கா வேலை செய்யுதே, நாட் இன் மட்டும் ஏன் மக்கர் பண்ணுது?” என்று லேபில் மண்டையைப் பிச்சுக்கிறாங்க.

நம்பலைன்னா ஆரக்கிள் லேபில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிற ஸ்காட் - டைகர் டேபிள்களை எடுத்துக்குங்க. (ஸ்காட் என்பது ஆரக்கிளின் ஆரம்ப கால ஊழியர் புரூஸ் ஸ்காட். டைகர் அவங்க வீட்டுப் பூனை!) எம்ப் டேபிளில் 14 பேர். யாருக்கும் மேனேஜராக இல்லாதவர்கள் யார்?

செலக்ட் ஈநேம் ஃப்ரம் எம்ப்
வேர் எம்ப்நோ நாட் இன் (செலக்ட் எம்ஜிஆர் ஃப்ரம் எம்ப்);

அந்த ‘எம்ஜிஆர்’ மேனேஜர் காலத்தோட பேர்தான், வாத்தியார் இல்லை! கையால் எண்ணினால் ஸ்மித், ஆலன், வார்டு, மார்ட்டின், டர்னர், ஆடம்ஸ், ஜேம்ஸ், மில்லர் என்று 8 பேர். கொயரி தருவது பூஜ்யம். காரணம் கிங். அவர்தான் பிரசிடென்ட், அவருக்கு மேலே மேனேஜர் கிடையாது, அந்தக் கட்டம் நல்.

சப்-கொயரி இல்லாமலும் இதே கூத்து உண்டு. ‘கமிஷன் 300 இல்லாதவர்கள்’ என்று கேளுங்க. 300 வாங்குறவர் ஆலன் ஒருத்தர்தான். மிச்சம் 13 பேர் வரணும். வருவது 3 பேர்: வார்டு, மார்ட்டின், டர்னர். டர்னருக்குக் கமிஷன் 0, ஆனாலும் வந்துட்டார். பூஜ்யம் என்பது ஒரு விவரம், நல் என்பது விவரமே இல்லை.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது பழகின கஷ்டம். இனிஷியல் போட்டுக்கிற நமக்கு சர்நேம் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாகவே போகும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அமீரகம் சொன்னதும், எத்தனை வீட்டில் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தாங்க!

சரி, மேட்டருக்கு வருவோம். மருந்து என்ன? ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ போடலாம். “இந்த வீட்டுக்கான வரி சர்வேயில் இருக்கா? இல்லைன்னா காட்டு” என்று அது வீட்டுக்கு வீடு கேட்கும், நல்லைக் கண்டு மிரளாது. இல்லாட்டி உள் கொயரியில் ‘வேர் வீட்டு_எண் இஸ் நாட் நல்’ என்று சேர்க்கலாம். பாட்டி வீடு லிஸ்டில் வந்துடும். ஆனா கூடவே இன்னொரு வீடும் வரும், கவனிச்சீங்களா? மழையில் நனைஞ்ச ஃபாரத்தோட வீடு! அங்கே ஏற்கெனவே போயாச்சு, ஆனா எண் இல்லாததால் போகாத கணக்கில் நிற்கும். அதை எந்த கொயரியாலும் சரி பண்ண முடியாது. செருப்பை மாட்டிக்கிட்டு ஒருத்தர் திரும்பப் போய்க் கதவைத் தட்டணும். டேபிள் உருவாக்கும்போதே அந்தக் காலத்துக்கு ‘நாட் நல்’ போட்டிருந்தால், ஏத்தும்போதே மெஷின் கத்தியிருக்கும்.

இன்னொரு பொறி இருக்கு. இது இன்னும் மோசம், ஏன்னா பதில் பார்க்க அழகா இருக்கும். ‘தன் துறையின் சராசரியைவிட அதிகச் சம்பளம் வாங்குபவர்கள் யார்?’ இது லேபில் அடிக்கடி வர்ற கேள்வி. அவசரத்தில் எழுதுவது இப்படி:

செலக்ட் ஈநேம் ஃப்ரம் எம்ப்
வேர் சால் > (செலக்ட் ஆவ்ஜி(சால்) ஃப்ரம் எம்ப் வேர் டெப்ட்நோ = டெப்ட்நோ);

6 பேர் வருவாங்க. சரியான விடையும் 6 பேர்தான்! எக்ஸ்டர்னல் தலையாட்டிட்டுப் போயிடுவார். ஆனா ஆட்கள் வேற. உள்ளே இருக்கிற ரெண்டு டெப்ட்நோவும் உள் டேபிளோடதுதான். நல் இல்லாத இடத்தில் தன்னோடு தன்னையே ஒப்பிட்டுக்கிட்டா ‘ஆமா’தானே? அதனால் 14 பேரின் மொத்த சராசரி, சுமார் 2073, வந்து நிற்குது. 2450 வாங்குற கிளார்க் உள்ளே வந்துடுறார். அவர் துறையின் சராசரியோ சுமார் 2917, அவர் வரவே கூடாது. சராசரி சுமார் 1567 இருக்கிற சேல்ஸில் 1600 வாங்குற ஆலன் வெளியே நிற்கிறார். வெளி டேபிளுக்கு ‘ஏ’, உள் டேபிளுக்கு ‘பி’ என்று செல்லப்பேர் வச்சு, ‘பி.டெப்ட்நோ = ஏ.டெப்ட்நோ’ என்று எழுதினால் ஆலனுக்கு நியாயம் கிடைக்கும். எண்ணிக்கை ஒத்துப்போனதை வச்சு எதையும் நம்பாதீங்க. ரெண்டு பேரையாவது பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்க.

மூணாவது என் சொந்தக் கதை. படிக்கிற காலத்தில் லேபில் நான் இப்படி ஒண்ணு அடிச்சேன்:

டெலீட் ஃப்ரம் எம்ப் வேர் எம்ப்நோ இன் (செலக்ட் எம்ப்நோ ஃப்ரம் டெப்ட்);

டெப்ட் டேபிளில் எம்ப்நோ என்று காலமே கிடையாது. எரர் வரும்னுதானே நினைப்பீங்க? வரலை! உள்ளே இல்லாத பேரை வெளி டேபிளில் தேடி எடுத்துக்கும். எம்ப்பில் எம்ப்நோ இருக்கே! அப்புறம் என்ன, ஒவ்வொருத்தர் எண்ணும் அவரவர் எண்ணோடு பொருந்த, 14 பேரும் போயே போச்சு. ரோல்பேக் என்ற வார்த்தையை அன்னிக்குத்தான் பக்தியோடு கத்துக்கிட்டேன். ‘டி.எம்ப்நோ’ என்று முன்னால் டேபிள் செல்லப்பேரைப் போட்டிருந்தால் ‘இன்வேலிட் ஐடென்டிஃபயர்’ என்று உடனே மூஞ்சியில் அடிச்சிருக்கும்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். அடைப்புக்குள்ளே இருக்கிற கொயரியை முதலில் தனியா ஓட்டிப் பார்த்துடுவேன். அதில் நல் இருக்கா, ஒண்ணுதான் வரும்னு நினைச்ச இடத்தில் நாலு வருதா, பேரே தப்பான்னு அங்கேயே தெரிஞ்சுடும். வெளி டேபிளைத் தொட்டு நிற்கிற சப்-கொயரி மட்டும் தனியா ஓடாது. அதுக்கு வெளியே இருந்து ஒரே ஒரு ஆளின் எண்ணைக் கையால் போட்டு ஓட்டணும். டெலீட் அடிக்கும் முன்னால் அதே கண்டிஷனோடு செலக்ட். இதில் சோம்பேறித்தனமே கூடாது பாஸ்!

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. டெப்ட் டேபிளில் 4 துறை இருக்கு. ஆளே இல்லாத துறை எதுன்னு நாட் இன் போட்டுக் கேளுங்க. ‘ஆபரேஷன்ஸ்’ என்று கரெக்டா வரும். இப்போ எம்ப்பில் 15-வதா ஒருத்தரைச் சேருங்க, டெப்ட்நோவை மட்டும் காலியா விட்டுடுங்க. அதே கொயரியை மறுபடி ஓட்டுங்க. ஆபரேஷன்ஸ் எங்கே போச்சுன்னு பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்லுங்க. முடிஞ்சதும் மறக்காம ரோல்பேக் பண்ணிடுங்க, அடுத்த பேட்ச் லேபுக்கு வெளியே காத்துக்கிட்டு இருக்கு!