நடுகல்லுக்கு அடியில் தங்கம் இல்லை

தருமபுரி மாவட்டத்தின் அரூர், பென்னாகரம் பக்கம் நடுகல் நிற்கும் காட்டோரங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது: கல்லுக்கு அடியில் தங்கம் இருக்கிறது, மேலே உள்ள எழுத்து அதற்கான குறிப்பு. இதை நம்பிக் கடப்பாரை எடுப்பவர்களால் 1,300 ஆண்டு நின்ற கல்லும் ஒரே இரவில் சாய்ந்துவிடும்.

அந்த எழுத்து வட்டெழுத்து. தொல்லியல் துறை அதைப் படித்து 'தருமபுரி கல்வெட்டுகள்' என்று நூலாகவே வெளியிட்டிருக்கிறது. இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன், மாட்டுமந்தையை மீட்கப் போய்ப் பட்டான். பெரும்பாலான கற்களில் சேதி இவ்வளவே. வீரனின் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்புகள், காலருகே கெண்டியும் சிமிழும். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில், இரண்டு கள்ளரைக் கடித்த நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. அதன் பெயர் கோவிவன். நாயின் பெயரைக்கூட ஊரறியப் பொறித்தவர்கள் எதை மறைக்கப் போகிறார்கள்?

சுமேரியர் கோயில் அஸ்திவாரத்தில் எழுத்தைப் புதைத்தார்களே என்று கேட்கலாம். புதைத்தார்கள். சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் லகாஷ் என்ற சுமேரிய நகர அரசை ஆண்ட குடியா, நின்கிர்சு தெய்வத்துக்குக் கோயில் எடுத்தபோது சுட்ட களிமண் ஆணிகளைக் கட்டடத்துக்குள் வைத்தான். ஆணித் தண்டைச் சுற்றி ஆப்பெழுத்தில் இருப்பது தெய்வத்தின் பெயரும் கட்டியவன் பெயரும் கோயில் பெயரும்தான். பிற்காலத்தில் பாபிலோன் அரசன் நபோனிடஸ் பழைய கோயில்களின் அடியைத் தோண்டித் தேடியதும் முன்னோர் வைத்த இத்தகைய எழுத்தைத்தான். தங்கத்துக்கு வழிகாட்டும் குறிப்பு அங்கேயும் இல்லை.

ஆதிச்சநல்லூரில் பொன் நெற்றிப்பட்டம் கிடைத்தது உண்மை. அது தாழிகளில் இறந்தவரைப் புதைத்த ஈமக்காடு. தருமபுரியின் நடுகல் நினைவுக்காக எடுத்த கல். கல்லைத் தேர்வதில் தொடங்கி நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் முறை சொல்கிறது. பொன் புதைக்கும் சடங்கு அதில் இல்லை.

அப்படியே ஏதாவது கிடைத்தாலும் தோண்டியவர் அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.

பல ஊர்களில் நடுகல்தான் வேடியப்பன். பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி. உங்கள் நிலத்தில் எழுத்துள்ள கல் இருந்தால் அசைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தருமபுரி அகழ்வைப்பகத்திலோ சொல்லுங்கள்.