பாலாற்றில் குப்பை பொறுக்குவதற்கு எதிராக

வேலையை விட்டவர்களுக்கென்று இப்போது ஓர் அட்டவணையே உருவாகிவிட்டது. நோட்டீஸ் பீரியட் முடிந்ததும் இமயமலைப் பக்கம் ஒரு பயணம். அடுத்த ஆஃபர் வரும்வரை மரம் நடுதல், ஏரி தூர்வாருதல், ஆற்றில் குப்பை பொறுக்குதல். நானும் அந்தக் கூட்டம்தான். பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு, ஸ்பிட்டி போவதற்கு முன் கிடைத்த இரண்டு மாதங்களில் ஞாயிறுதோறும் ஆம்பூர்ப் பக்கம் பாலாற்று மணலில் நின்றேன். வெயில் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் சண்டை அங்கே நாங்கள் எதைக் குப்பை என்று முடிவு செய்தோம் என்பதோடு.

பாலிதீன் பை, குவார்ட்டர் பாட்டில், கோழிக்கழிவு, பழைய செருப்பு. காலை பத்து மணிக்குள் மூட்டைகளை அடுக்கிவைத்து ஒரு போட்டோ, பிறகு பிரியாணி. (ஆம்பூர் வரை வந்துவிட்டு அதை விடுவது பாவம்.) ஆனால் இந்த ஆற்றைக் கொன்றது கையுறை போட்டு எடுக்கக்கூடிய பொருள் கிடையாது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதில் சாதாரண உப்பைத் தடவித்தான் கொண்டுவருகிறார்கள். தோலை ஊறவைத்து அலசும் முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு இறங்கிவிடும். அதற்குப் பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம். குரோமியத்தில் பதனிட்ட தோலுக்கு நிறத்தை வைத்தே 'வெட் ப்ளூ' என்று பெயர். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்றும் 1996 உச்சநீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. இதை எந்த மூட்டையில் அள்ளுவது?

அள்ள முடியவில்லை என்பதுகூடப் பெரிய குறையில்லை. பழி இடம் மாறிவிடுகிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். ஒவ்வொரு ஞாயிறும் ஒருங்கிணைப்பாளர் மைக் பிடித்து, "நம்ம ஜனங்களுக்கு சிவிக் சென்ஸ் இல்ல" என்று ஆரம்பிப்பார். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் கிணறு உப்பாகிப்போன ஊர்க்காரர்கள். தண்ணீரைக் கெடுத்த ஆலையின் பெயர் அந்த மைக்கில் ஒருநாளும் வராது. பை போட்ட அம்மா குற்றவாளி, பையைப் பொறுக்கிய நாங்கள் தியாகிகள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "பிளாஸ்டிக்க எடுத்துட்டீங்க, சரி தம்பி. எங் கெணத்துல கீற உப்ப எப்ப எடுப்பீங்க?"

அவர் கேள்விக்கு நீதிமன்றத்தில் ஒரு வரலாறே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில்தான் 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்பது நம் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உச்சநீதிமன்றம் சொன்னது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம். அது 2001இல், 29,000க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என்றது. பிறகு? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கழிவுச் சேற்றில் செத்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் வாய்திறந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் பணத்தைக் கொடுங்கள், கெடுத்தவர்களிடம் வசூலியுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு 34 வருஷம். சட்டக் கல்லூரியில் எல்லாரும் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு இது. பாலாற்றில் பை பொறுக்க வந்த நாற்பது பேரில் ஒருவர் வாயிலிருந்தும் நான் இதைக் கேட்டதில்லை.

"சும்மா இருக்கறதுக்கு ஏதாவது செய்றது மேல் இல்லையா?" என்பார்கள். எந்த 'ஏதாவது' என்பதைப் பொறுத்தது. கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நீர்செறிவுக் கிணறும் கல் தடுப்பணையும் கட்டியவர்கள் நூறு நாள் வேலைப் பெண்கள். கூலி வாங்கிக்கொண்டு செய்தார்கள், நதிக்கும் பலன் இருந்தது. உடலுழைப்பு வேண்டுமென்றால் அதைத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூலி கொடுத்தால் போதும். தோல் தொழிலை மூடச் சொல்கிறேனா? இல்லை. ஷூ கம்பெனிக்கு விடியற்காலை பஸ் பிடிக்கும் பெண்களின் சோற்றில் மண் போட எனக்கு உரிமை கிடையாது. வேலைக்கும் வேலைக்கும் நடுவே 'பிரேக்' எடுக்கிற வசதியும் அவர்களுக்குக் கிடையாது.

ஆனால் நமக்கு அது இருக்கிறது. படித்த, சம்பளக் கவலையில்லாத இரண்டு மாதம். இந்த ஆற்றுக்குத் தேவை அந்த நேரம்தான். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பின்வரிசையில் போய் உட்காரலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, எந்த ஆலைக்கு எந்த ஆண்டு என்ன நோட்டீஸ் போனது என்று கேட்கலாம். இழப்பீட்டுக்குக் காத்திருந்து இறந்துபோனவரின் பிள்ளைகளுக்கு வாரிசுச் சான்று வாங்க தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கலாம். போட்டோவுக்கு ஏற்ற காட்சி எதிலும் இருக்காது. ஃபேன் ஓடாத அறையில் மத்தியானம் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இதை எல்லாம் எழுதி, மனுவின் மாதிரியையும் சேர்த்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். நான்காமவர், "இதுக்கு சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா ப்ரோ?" என்று கேட்டிருந்தார்.