"நீச்சல் தெரியுமா?" என்று கேட்பதற்கு முன்

தூத்துக்குடி பக்கம் நடந்த ஒரு வெள்ள மீட்புப் பயிற்சிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிப் போனேன். பெயர் எழுதும்போதே கேட்டார்கள்: "நீச்சல் தெரியுமா?" இரண்டு பேர் கை தூக்கினார்கள். மற்ற ஐந்து பேரும் அடுத்த பேருந்தில் ஊர் திரும்பினார்கள்.

நியாயமான கேள்விதானே என்று தோன்றும். ஆனால் கிராமத்தில் நீச்சலை எங்கே கற்கிறோம்? கிணற்றிலும் குளத்திலும். அவை யாருக்குத் திறந்திருந்தன? 1927-ல் மகாத் நகரின் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்கவே அண்ணல் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. குடிக்கவே விடாத நீரில் குதித்துப் பழகுவது எப்படி? அப்பா கற்காததைப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1964-ல் செயின்ட் அகஸ்டின் நகரில், கறுப்பினத்தவர் இறங்கிய விடுதி நீச்சல் குளத்தில் அதன் மேலாளர் அமிலத்தை ஊற்றினார். இன்றும் அங்கே நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் கறுப்பினச் சிறுவர்களின் விகிதம் வெள்ளையினச் சிறுவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கினார்கள். மீனவத் தோழர்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டார்கள். அவர்களுக்கு என்றும் நன்றி. ஆனால் படகு வந்து சேரும்வரை தெருவில் இருப்பது நாம்தான்.

மீட்பின் முதல் பாடமே "குதிக்காதே" என்பதுதான். கரையில் நின்று கம்பை நீட்டு, கயிற்றையோ காலி கேனையோ வீசு. மூழ்கியவரின் வயிற்றை அமுக்காதே. மூச்சு நின்றிருந்தால் உடனே வாயோடு வாய் வைத்து ஊது, நெஞ்சை அழுத்து. இதற்கெல்லாம் நீச்சல் தேவையில்லை. இதே கடலில் முத்துக் குளித்தவரின் உயிரும் படகில் கயிறு பிடித்து நின்றவர் கையில்தானே இருந்தது?

அரசின் 'ஆப்த மித்ரா' பயிற்சி 12 நாள் நடந்தது. நீச்சலே தெரியாதவருக்கு அது போதாது. எனவே இரண்டு கோரிக்கைகள். கரை மீட்பையும் முதலுதவியையும் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதி மாணவர்களுக்கு, முக்கியமாக மாணவிகளுக்கு, அரசு செலவில் நீச்சல் வகுப்பு நடத்துங்கள்.

கிணற்றில் விழுந்த பிணத்தை எடுக்க நம்மைத் தேடி வருகிறவர்கள் "நீச்சல் தெரியுமா?" என்று கேட்பதில்லை. உயிரைக் காக்கும் வேலைக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வியோடு கதவு மூடுகிறது? தோழர்களே, உங்கள் ஊர் அடுத்த கிராமசபையில் இதைக் கேளுங்கள். மனுவாக எழுதிக் கொடுங்கள்.

ஜெய்பீம்.