ஹிமா: புல்லுக்கு ஓர் ஓய்வு



'ஹிமா' என்ற சொல்லைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதுகாத்து வைக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் என்பது அதன் கருத்து. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குத் தெற்கேயுள்ள நகீஃ என்ற இடத்தை ஹிமாவாக ஒதுக்கினார்கள். பின்னர் உமர் (ரழி) அவர்கள் ரபதாவை ஒதுக்கினார்கள்.

ஏன் ஒதுக்க வேண்டும்? கடித்த புல் மீண்டும் தழைக்குமுன் ஆடு திரும்பவும் கடித்தால் வேர் சுருங்கிவிடும். மண் இறுகும், பெய்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும். அதே ஆட்டைச் சில நாள் மேயவிட்டு வேறிடம் ஓட்டிச் சென்றால் வேர் ஆழமாகும், புழுக்கை பசளையாகும். ஆகவே நிலம் பாலையானதற்கு ஆட்டின்மீது மட்டும் பழி போடுவது அநியாயம்!

சவூதி அரேபியாவில் 1953இல் ஓர் அரச ஆணை ஹிமாக்களைச் சகலருக்கும் திறந்துவிட்டது. பிற்காலத்தில் பவுசரில் தண்ணீரும் மூடையில் பார்லியும் வந்தன. புல்லற்ற இடத்திலும் மந்தை பெருகியது.

இதனால் ஆட்டினமும் மாறக்கூடும். அறபு நாடுகளின் அவாஸி செம்மறி, வரட்சிக் காலத்துக்கெனக் கொழுப்பை வாலில் சேமிக்கும். மேய்ச்சல் அதன் பரம்பரையை நேரே மாற்றாது. எந்தக் கிடாயை இனத்துக்கு வைக்கிறோம் என்பதே மாற்றும். தொட்டித் தீனியில் கொழுத்ததையே வைத்துக்கொண்டால், தூரம் நடந்து முட்செடியில் வயிறு வளர்க்கும் குணம் தலைமுறைகளில் மங்கிவிடும்.

பாலும் அப்படித்தான். பச்சைப் புல் மேய்ந்த ஆட்டின் பாலில் ஒமேகா-3 கொழுப்பும் விற்றமின் ஈயும் பார்லி தின்றதைவிடக் கூடுதல். பதவிப் பெண்கள் அந்தப் பாலைத் தயிராக்கி, உலர்த்தி, 'ஜமீத்' உருண்டையாக வருடம் முழுதும் வைத்திருப்பார்கள்.

ஜோர்தானில் ஸர்க்கா ஆற்றுப் படுகையில் பனூ ஹாஷிம் மக்கள் 2010ஆம் ஆண்டளவில் சுமார் 100 ஹெக்டேயரை இரண்டு வருடம் மேய்க்காமல் விட்டார்கள். அற்றுப்போயின என்றிருந்த செடிகள் மீண்டும் முளைத்தன.

முளைத்த பின்புதான் சிக்கல். யாரை முதலில் உள்ளே விடுவது? லொறி வைத்திருப்பவரின் மந்தையே முந்திவிடும். உமர் (ரழி) இதை அன்றே அறிந்திருந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் வருகிறது: ஹிமாவின் பொறுப்பாளர் ஹுனையிடம், சில ஆடுகள் மட்டுமே உள்ளவனை உள்ளே விடும்படியும், செல்வந்தர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தடுக்கும்படியும் சொன்னார்கள். அவர்களுடைய கால்நடை மடிந்தால் பேரீச்சந்தோட்டம் இருக்கிறது. ஏழையினுடையது மடிந்தால் அவன் பிள்ளைகளோடு கலீபாவிடம்தான் வருவான். அன்று பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இன்று புல்லும் தண்ணீரும் கொடுப்பது தமக்கு இலகு என்றார்கள்.