நாடகக் கம்பெனிச் சிறுவன்

எம்.ஜி.ஆர். பிறந்த நாளான ஜனவரி 17 வந்தால் திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் அவர் பாட்டுதான். அதைக் கேட்டபடி பனியன் கம்பெனிக்கு ஷிப்டு போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அவருடைய சிறுவயதை. கண்டியில் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, வயிற்றுப்பாட்டுக்காக மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்த பிள்ளை அவர். 1936-இல் ‘சதிலீலாவதி’ படத்தில் சின்ன வேடம், ‘ராஜகுமாரி’யில் நாயகனாக 1947 ஆயிற்று. அந்தப் பதினொரு வருடப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னாளில் தமிழக முதல்வராகி, 1987 டிசம்பர் 24-இல் மறைந்தவரை மெரினாவில் அண்ணா சமாதி அருகே அடக்கம் செய்தார்கள். முதல்வருக்குப் பொருத்தமான இடம்தான். மேடை வளர்த்த நடிகருக்கு? பாய்ஸ் கம்பெனிகளின் வரலாற்றைச் சொல்ல அங்கேயே அரசு தனிக்கூடம் அமைக்க வேண்டும். படிப்பை விட்டு வேலைக்கு வந்த நம்மூர்ப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும்.