டயருக்கும் வயது உண்டு



போன இதழில் வடகம் போடுவதைப் பற்றி எழுதியவள், இந்த இதழில் டயரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் சிரிப்பீர்கள். "உனக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?" என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். சம்பந்தம் இருக்கிறது. படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2024 மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் முந்தின டிசம்பரில்தான் பழைய மோட்டார் ஹோம் ஒன்று வாங்கியிருந்தார்கள். பஸ் அளவு வண்டி. உள்ளே அடுப்பு, ஃபிரிஜ், கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. சாமான், ஆள், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பத்து டன் வரை வரும். முன்னால் இரண்டு டயர், பின்னால் ஜோடி ஜோடியாக நாலு. அதில் ஏறிக் கிராண்ட் கேன்யன் பார்க்கப் போவதாகத் திட்டம். அம்மாவுக்கு அது பல நாள் ஆசை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி எட்டிப் பார்த்தார். அவரும் அவர் கணவரும் பல வருஷம் இந்த மாதிரி வண்டியிலேயே ஊர் சுற்றியவர்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "டயருக்கு என்ன வயது?"

மாப்பிள்ளை விழித்தார். "வயசா? பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு பாருங்க அக்கா" என்று என்னிடம் காட்டினார். உண்மைதான். கறுகறுவென்று நன்றாகத்தான் இருந்தது.

பாட்டி விளக்கினார். லாரி டயர் ஓடி ஓடித் தேயும். மோட்டார் ஹோம் வருஷத்தில் பாதி நாள் வெயிலில் நிற்கும். அதனால் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதுமையடைந்துவிடும். ரப்பரைக் காப்பதற்காக அதில் சேர்க்கும் மெழுகு, டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் மேலே கசிந்து வரும். நின்றபடியே இருக்கும் டயருக்கு அந்தக் காப்பு சரியாகக் கிடைக்காது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உபயோகிக்காமல் அலமாரியில் கிடந்த குக்கர் காஸ்கெட் விறைத்துப் போவதை நாம் பார்த்ததில்லையா?

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண்களில் கடைசி நாலைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆனால் இந்த நாலு எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். எங்கள் வண்டியில் அது உட்பக்கம் திரும்பியிருந்தது. பழைய பெட்ஷீட்டை விரித்து, டார்ச்சோடு தங்கை கீழே படுத்துக்கொண்டு படித்தாள். "2315, அக்கா!" அதாவது 2015-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். ஒன்பது வயது! டார்ச் வெளிச்சத்தில் ஓரத்தில் மெல்லிய வெடிப்புகளும் தெரிந்தன.

ஐந்து வயதுக்கு மேல் வருஷா வருஷம் விஷயம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து வயதானால் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. மோட்டார் ஹோம்காரர்கள் பலர் ஆறு, ஏழு வயதிலேயே மாற்றிவிடுகிறார்கள்.

மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. ஆறு டயருக்கு 3,000 டாலருக்கு மேல் ஆகும். "இந்த ஒரு ட்ரிப் மட்டும் போயிட்டு வந்து மாத்திக்கலாமே" என்றார். தங்கை ஒன்றும் பேசவில்லை. மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் உட்கார வைத்தாள். அவ்வளவுதான். பயணம் இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று.

டயர் கடைக்கு நானும் போனேன். என்ன கவனிக்க வேண்டும் என்று பாட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். டிரைவர் இருக்கை அருகே ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அதே அளவாக இருக்க வேண்டும். எடை தாங்கும் சக்தி அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், குறையவே கூடாது. பின்னால் இழுத்துப் போகும் டிரெயிலருக்கென்று செய்த டயரை இதற்குப் போடக் கூடாது. டயருக்கு உரிய வேக வரம்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜோடிச் சக்கரத்தில் இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றே பாரத்தைச் சுமக்கும்.

கடைக்காரர் ஆறு புது டயர் கொண்டுவந்து அடுக்கினார். மாட்டுவதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். பால் பவுடர் டின்னைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள்தானே நாம்! நாலில் 0824 என்றிருந்தது. இரண்டில் 1421! மூன்று வருஷம் கிடங்கில் கிடந்தவை. காட்டியதும் அவர் மறுபேச்சுப் பேசாமல் மாற்றித் தந்தார். கேட்காமல் இருந்திருந்தால் வண்டியில் ஏறியிருக்கும்.

புது டயர் போட்டதோடு வேலை முடியவில்லை. டயர் வெடிப்பதற்குப் பெரிய காரணம் காற்றுக் குறைவும் பாரக் கூடுதலும். இரண்டும் டயரைச் சூடாக்கும். ஆகவே சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி, லாரிகள் நிற்கும் இடத்து எடை மேடையில் வண்டியை நிறுத்தினோம். அரிசி மூட்டை, கிரைண்டர், டின் டின்னாகப் பலகாரம் என்று எங்கள் சமையல் சாமானே ஏகப்பட்ட பாரம். வெட்கமாக இருந்தது. கிரைண்டரை இறக்கிவிட்டோம். ஒவ்வொரு அச்சின் எடைக்கும் எவ்வளவு காற்று என்று டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடித்தோம். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கக் கூடாது.

ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி. வழியிலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி. அந்த ஏற்றத்தில் சாலையோரமெங்கும் பிய்ந்து கிடந்த டயர்த் துண்டுகளைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. மாப்பிள்ளை தாமாகவே, "நல்லவேளை அக்கா" என்றார்.

அம்மா கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நின்று கும்பிட்டார். குழந்தைகள் பக்கத்தில் நின்று கையாட்டினார்கள்.

சகோதரிகளே, நம்மில் யாரிடமும் மோட்டார் ஹோம் இருக்காது. ஆனால் வீட்டுக் கார் இருக்கும். கோயிலுக்கு வாடகை வேன் பிடிப்போம். நம் ஊர் டயரிலும் வாரமும் வருஷமும் சொல்லும் இந்த நாலு எண் இருக்கிறது. அடுத்த முறை ஏறுவதற்கு முன் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். டிரைவர் சிரித்தால் சிரிக்கட்டும். உள்ளே உட்காரப் போவது நம் பிள்ளைகள்.